மயில் உள்ளான் இருந்த இடம்

ஜனவரி 9, செவ்வாய்

சஸ்பெண்ட்.

நிர்வாக அதிகாரி ஜெகந்நாதன் அந்தத் தாளைக் கையில்கூடக் கொடுக்கவில்லை. மேசை மேல் வைத்து ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். "விசாரணை முடியற வரைக்கும் வர வேண்டாம்மா." பத்தொன்பது வருஷம் அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்திருக்கிறேன். பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு விரல்.

நடந்தது இதுதான். டிசம்பர் 28 அன்று தென்னை மரத்திலிருந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பெயர் வெள்ளிங்கிரி. விலா உடைந்து வலது நுரையீரல் சுருங்கியிருந்தது. டாக்டர் ஆதவன் இடது பக்கம் துளை போட்டுக் குழாயைச் செருகிவிட்டார். நன்றாக இருந்த பக்கத்தில். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. ஒன்பது நாள் ஐ.சி.யூ. இப்போது, எக்ஸ்ரே படத்தில் இடம் வலம் மாறியிருந்தது, அதை எடுத்தவள் கலாமணி, எல்லாம் கலாமணியால் என்கிறார்கள்.

நான் சரியாகத்தான் எடுத்தேன். வலது பக்கம் என்று காட்டும் ஈய எழுத்தை என் கையாலேயே வைத்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

டாக்டர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கிக்கொண்டிருந்ததே, அது எதற்கு? மாலையா?

ஜனவரி 10, புதன்

புளிக்குழம்பு வைத்தேன். அடிப்பிடித்தது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரி 13, சனி

தம்பி ரங்கராஜ் வந்தான். அவன் கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிறான். பழைய கேமரா ஒன்றையும் நீளமான லென்ஸ் ஒன்றையும் பையோடு கொண்டுவந்து சோபாவில் வைத்தான்.

"அக்கா, வீட்ல உக்காந்து சுவத்தைத் திட்டிட்டு இருக்காத. பூசாரிக்குளத்துல தண்ணி நெறஞ்சு கெடக்குது. பறவையெல்லாம் வந்திருக்கு. போய் எடு."

"எனக்கென்னடா தெரியும்?"

"பத்தொம்பது வருஷமாப் படம் எடுக்கறவ நீ. நான் வந்து பதினொண்ணுதான் ஆச்சு."

"நான் எடுத்த படத்துக்குத்தான்டா என்னை வெளியே அனுப்பிட்டாங்க."

அவன் எழுந்து கிளம்பினான். இருந்தாலும் கேமராவை எடுத்துப் போகவில்லை.

ஜனவரி 16, செவ்வாய், மாட்டுப்பொங்கல்

ஊரே மாடு கும்பிடுகிறது. உறவுக்காரர்கள் வந்து "ஆஸ்பத்திரியில என்னமோ பிரச்சினையாமே" என்று கேட்பதற்கு முன்னால் கிளம்பிவிட்டேன். காலை ஆறேமுக்காலுக்குக் குளத்துக் கரை.

இறங்கினதும் ஒரு பறவை தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. நான் எந்தப் பக்கம் நடந்தாலும் அந்தப் பக்கம் வந்து கத்தியது. குளத்தில் இருந்த அத்தனையும் எழுந்து பறந்துவிட்டன. வீட்டுக்கு வந்து ரங்குவிடம் போனில் கேட்டேன். "அது ஆள்காட்டிக்கா. ஆளு வந்தா ஊருக்கெல்லாம் சொல்லிரும்."

ஆள்காட்டி! ஆஸ்பத்திரியில் இருப்பது போதாதென்று.

ஜனவரி 19, வெள்ளி

இருநூற்றுப் பன்னிரண்டு படம். ஒன்றுகூடத் தேறாது. மைனாவுக்குத் தலை இல்லை. நீர்க்காகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கோடு. கொக்கு வெறும் வெள்ளைத்தாள், இறகும் இல்லை, கண்ணும் இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கேமராவைக் குளத்திலேயே எறிந்திருப்பேன், தம்பியுடையதாகப் போய்விட்டது. கொக்கு ஏன் வெளுத்தது என்று எனக்குத் தெரியாதா? கதிர் கூடினால் படம் கெட்டுப்போகும் என்று எத்தனை டிரெய்னிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! வெள்ளைப் பறவைக்கு வெளிச்சத்தைக் குறைக்கவேண்டும். கறுப்புக்குக் கூட்டவேண்டும். கேமரா தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டதுதான் தப்பு. மெஷினை நம்பி விடக்கூடாது.

ரங்கு சொன்னது: ஷட்டர் வேகத்தை ஆயிரத்துக்குக் கீழே இறக்காதே. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். கண்ணில் ஃபோகஸ் வை. அப்புறம், "அந்த ஆரஞ்சு கலர் சுடிதாரைப் போட்டுட்டுப் போனா பறவை எப்படிக்கா உக்காரும்?"

ஜனவரி 24, புதன்

பச்சையும் பழுப்புமான பழைய சேலை. கரையில் நிற்காமல் கோரைப் பக்கம் சேற்றிலேயே உட்கார்ந்துகொண்டேன். நின்றால்தான் பயப்படுகின்றன, உட்கார்ந்தால் எருமை என்று நினைத்துக்கொள்கின்றன போலிருக்கிறது.

மீன்கொத்தி ஒன்று, மார்பு வெள்ளை, முதுகு நீலம். முறிந்த கருவேலங்கிளையில் உட்காரும், பாயும், திரும்ப அதே கிளைக்கு வரும். நான்கு முறை பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அதைத் துரத்தக்கூடாது, கிளையை ஃபோகஸ் செய்துவைத்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். ஐந்தாவது முறை வந்தது. வாயில் மீன். எடுத்துவிட்டேன்.

அதன் கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சமும் விழுந்திருக்கிறது. ராத்திரி அவரிடம் காட்டினேன். மில்லில் ஃபிட்டர் வேலை பார்த்துவிட்டு வந்த கையோடு, கிரீஸ் விரலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் கலா நீ பல்லைக் கடிக்காமப் பேசற," என்றார். உடனே கோபம் வந்தது.

ஜனவரி 27, சனி

தபாலில் ஓலை. எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கூடவே அந்த எக்ஸ்ரே படத்தின் நகல்.

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். படத்தில் இருப்பது கம்ப்யூட்டரில் அடித்த எழுத்து. ஈய எழுத்து ஆகஸ்டிலேயே காணாமல் போய்விட்டது. மூன்று தடவை எழுதிக் கேட்டேன், வாங்கித் தரவில்லை. இதை எழுதவேண்டும். முந்தின ராத்திரி ட்யூட்டி முடிந்தும் காலை ஆள் வராததால் என்னையே தொடரச் சொன்னார்கள், இதையும் எழுதவேண்டும். வெள்ளிங்கிரியைக் கொண்டுவரும்போது நான் பதினாறாவது மணி நேரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

நான் சரியாகத்தான் எடுத்தேன்.

நகலைத் துணி அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஜனவரி 30, செவ்வாய்

ரங்கு என்னைப் பறவைப் படக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டான். நூற்று அறுபது பேர். தலைவர் போல இருப்பவர் ஞானவேல், பேங்க் மேனேஜர். அவருடைய லென்ஸ் குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையால் தூக்கும் சைஸ். என் மீன்கொத்திக்கு "நைஸ் ஸ்டார்ட் மேடம்" என்று போட்டார். மற்றவர்கள் கைதட்டும் பொம்மை போட்டார்கள். நாற்பத்தொரு பேர். எண்ணினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 3, சனி

இதுவரை பார்க்காத ஒரு பறவை. கோரைக்குள் குனிந்து குனிந்து நடந்தது. நீள மூக்கு, செம்பழுப்புக் கழுத்து, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் மூக்குக்கண்ணாடி மாதிரி. பக்கத்தில் மங்கல் நிறத்தில் இன்னொன்று. குழுவில் "ஆணும் பெண்ணும்" என்று எழுதிப் போட்டேன். அழகாக இருப்பது ஆண் என்று அம்பு வேறு போட்டுக் காட்டினேன்.

ஞானவேல் எழுதினார்: "மேடம், இது மயில் உள்ளான். இதுல பெண்தான் கலர். ஆண் மங்கல். ஆண்தான் அடைகாக்கும்."

மயிலில் எது அழகு, கோழியில் எது அழகு என்று நான் பதினான்கு செய்தி அனுப்பினேன். கண்ணால் பார்த்தவள் நானா அவரா என்று கேட்டேன். கடைசியில் யாரோ புத்தகப் பக்கத்தையே படம் பிடித்துப் போட்டார்கள்.

அவர் சொன்னதுதான் சரி.

எனக்கு அவ்வளவு உறுதியாக இருந்தது.

பிப்ரவரி 8, வியாழன்

கூட்டைக் கண்டுபிடித்துவிட்டேன்.

மாட்டுக்குப் புல் அறுக்க வருகிற மாராத்தாள் கை காட்டினாள். என் வயதுதான் இருக்கும். தினமும் பார்க்கிறோம், இன்றுதான் பேசினாள். "ஏனம்மிணி, அந்த மூக்கு நீளக் குருவியத்தான தேடற? அந்தக் கோரைத் திட்டுல முட்டை வெச்சிருக்குது. அந்தப் பக்கம் நான் அருவாள் போடறதில்ல. நீயும் கிட்டப் போயிராத."

கிட்டப் போகவில்லை. பதினைந்து அடி தள்ளி உட்கார்ந்தேன். கோரை மறைத்தது. இடுக்கில் ஒரு கண் மட்டும். ஆண் உட்கார்ந்திருந்தது, ஒரு மணி நேரம் அசையவே இல்லை. அது ஒருமுறை எழுந்தபோது பார்த்தேன், நான்கு முட்டை, மஞ்சளில் கறுப்புத் திட்டு.

சாயங்காலம் குழுவில் போட்டேன். ஞானவேல் தனியாகப் போன் செய்தார். "மேடம், இந்த வருஷம் நம்ம மாவட்டத்துல யாரும் கூடு எடுக்கல. நீங்கதான் ஃபர்ஸ்ட். லொகேஷன் மட்டும் அனுப்புங்க, நம்ம ஆளுங்க ரெண்டு மூணு பேர்தான்."

பத்தொன்பது வருஷத்தில் யாரும் என்னிடம் 'நீங்கதான் ஃபர்ஸ்ட்' என்று சொன்னதில்லை. அனுப்பினேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

நல்ல நாள். உண்மையிலேயே நல்ல நாள்.

நாலு கார், பதினொரு பேர். எல்லோரும் மேடம் மேடம் என்றார்கள். ஞானவேல் தன் ஃபிளாஸ்கிலிருந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். கோரை கொஞ்சம் மறைத்தது, யாரோ ஒதுக்கிவிட்டார்கள், அதற்குப் பிறகு முழுப் பறவையும் தெரிந்தது. முப்பத்தாறு படம் எடுத்திருக்கிறேன். இறகின் ஒவ்வொரு கோடும் விழுந்திருக்கிறது. ஆண் பறவை நடுவில் எழுந்து போய் வெகுநேரம் வரவில்லை. எல்லோரும் காத்திருந்தோம். பத்து மணிக்கு வெயில் ஏறியும் வரவில்லை. பசி எடுத்ததும் கிளம்பினோம்.

ஞானவேல் பெரிய லென்ஸைக் கொடுத்து ஐந்து நிமிஷம் பார்க்கச் சொன்னார். கை வலிக்கிறது, இருந்தாலும் அந்த லென்ஸ்!

மதியம் கறிக்குழம்பு. அடிப்பிடிக்கவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

கூடு காலி. இரண்டு ஓடு கிடக்கிறது, ஓரம் நொறுங்கி, உள்ளே எறும்பு. மற்ற இரண்டு முட்டை இல்லவே இல்லை. கோரைத் திட்டு முழுவதும் வட்டமாக மிதிபட்டுக் கிடக்கிறது, யானை படுத்து எழுந்த மாதிரி. மேலே கருவேல மரத்தில் இரண்டு காகம்.

படுபாவிகள். பதினொரு பேர், பதினொரு லென்ஸ். ஒருத்தனுக்காவது மூளை வேண்டாமா? "இந்தப் புல்லு ஃபிரேம்ல வருது, கொஞ்சம் அமுக்குங்க," இதைச் சொன்னது ஞானவேல். அமுக்கியது மஞ்சள் தொப்பிக்காரன். கூடு வெட்டவெளியில் கிடந்தால் காகம் சும்மா விடுமா? பறவை திரும்ப வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்தோமே!

கரையில் நின்று சத்தம் போட்டே திட்டிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. மாராத்தாள் புல்கட்டைத் தலையிலிருந்து இறக்கி வைத்தாள்.

"ஆரைத் திட்டற?"

"நேத்து வந்தானுகளே, அவனுகளைத்தான்."

"அவனுகளுக்கு இந்தத் திட்டு எப்படித் தெரியும்?"

நான் மிதிபட்ட கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் இங்க முப்பது வருசமாப் புல்லு அறுக்கறேன், ஒருத்தன் வந்து கேட்டதில்ல. உங்கிட்ட ஒருவாட்டி கையக் காட்டினேன். மூணு நாள்ல காரு வந்து நிக்குது." அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "நீயும் அதுக்குள்ளதான் நின்ன. நான் அந்தக் கரையில இருந்து பாத்துட்டுதான் இருந்தேன்."

புல்கட்டைத் தூக்கிவிடக் கை கொடுத்தேன். வேண்டாம் என்று தானே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு கொத்துக் கோரையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். நேற்று எழுதவில்லை. இடது கையில் கோரை, வலது கையில் கேமரா.

பிப்ரவரி 13, செவ்வாய்

காலையில் சேலைகளுக்கு அடியில் இருந்த நகலை எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன்.

படுக்கவைத்து எடுத்ததா, நிற்கவைத்து எடுத்ததா என்று கேட்டு எங்கள் கம்ப்யூட்டரில் இரண்டு கட்டம் இருக்கும். மாற்றி அமுக்கினால் படம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிவிடும். அந்த ஆள் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். நகலின் மூலையில் சின்ன எழுத்தில் 'நின்ற நிலை' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது.

அமுக்கியதே எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு எதுவுமே ஞாபகம் இல்லை, ஆகஸ்டிலேயே தொலைந்த ஈய எழுத்தைக் கையாலேயே வைத்ததாக எழுதியிருக்கிறேன். அவருடைய சட்டை என்ன நிறம் என்றுகூடத் தெரியாது.

பிப்ரவரி 14, புதன்

ஞானவேல் அந்த ஆண் பறவையின் படத்தைக் குழுவில் போட்டிருக்கிறார். "இயற்கையின் அற்புதத் தந்தை." நூற்றுப் பத்து இதயம்.

அதற்குக் கீழே நொறுங்கிய ஓட்டின் படத்தைப் போட்டேன். எழுதினேன்: "இது அடுத்த நாள் காலை. இடத்தைச் சொன்னது நான். கோரையை விலக்கிப் பிடித்ததில் நானும் உண்டு. மிதித்து வட்டம் போட்டது நீங்கள் பதினொரு பேர். அந்தத் தந்தை வெயிலில் எங்கே நின்றது என்று யாராவது பார்த்தீர்களா?"

மஞ்சள் தொப்பிக்காரன்: "இயற்கையில இதெல்லாம் சகஜம் மேடம்." வேறு ஒருவர்: "பாசிட்டிவா பேசுங்க." ஞானவேல் என் போனுக்குக் கூப்பிட்டார். "புதுசா வந்தவங்க இப்படிக் குழுவோட பேரைக் கெடுக்கக்கூடாது மேடம். அதை எடுத்துருங்க."

"நீங்க உங்க படத்தை எடுங்க, நான் எடுக்கறேன்."

நாலு நிமிஷத்தில் என்னைக் குழுவை விட்டு நீக்கிவிட்டார்கள். என் முப்பத்தாறு படத்தையும் அழித்தேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்துதான் அழித்தேன்.

பிப்ரவரி 17, சனி

வெள்ளிங்கிரியின் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். காளிபாளையம், இருபது கிலோமீட்டர். தோப்புக்காரர் கொடுத்த ஓட்டு வீடு. வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த ஆள், முப்பத்தெட்டு வயசுதான், பேசினால் நடுவில் மூச்சு வாங்கினார். மனைவி ருக்குமணி தேங்காய் மட்டை கிழித்துக்கொண்டிருந்தாள்.

யார் என்று சொன்னேன். ருக்குமணியின் கை நின்றது.

"எதுக்கு வந்தீங்க? ஆஸ்பத்திரியில அனுப்புனாங்களா?"

"இல்லைங்க. என்னை வேலையில இருந்து நிறுத்தி வெச்சிருக்காங்க. நானாத்தான் வந்தேன்."

"உக்காருங்க," என்றார் வெள்ளிங்கிரி. "நான் உளுந்தது என்ற தப்புங்க. கயிறு தேஞ்சிருந்துது. தெரிஞ்சேதான் ஏறுனேன்."

"உங்களை ஆரு இப்பக் கேட்டா?" என்று அவர் மேல் பாய்ந்தாள் ருக்குமணி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க."

"படம் திரும்பிருச்சுங்க. கம்ப்யூட்டர்ல ஒரு கட்டத்தை மாத்தி அமுக்கிட்டேன்னு நினைக்கிறேன்."

"நினைக்கறீங்களா, அமுக்குனீங்களா?"

அவள் கண்ணை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"அமுக்கினேன்."

அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். எழுந்து உள்ளே போனாள். சண்டை போடப்போகிறாள் என்று நினைத்தேன். உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது, நெடுநேரம். அவர்தான் பேசிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு நாற்பது மரம் ஏறுவாராம். இப்போது மாடிப்படி ஏறினாலே கண் இருட்டுகிறதாம். இடது பக்கம் குழாய் போட்ட இடத்தில் சீழ் வைத்து இன்னும் ஆறவில்லை. பொத்தானைத் தளர்த்திக் காட்டினார். நான் பார்த்தேன். பார்க்காமல் இருக்க வழி இல்லை.

கிளம்பும்போது ருக்குமணி வாசலுக்கு வந்தாள். "அந்த டாக்டரு வந்தாரா? மேனேஜரு வந்தாரா? நீங்க வந்துட்டீங்கன்னு நான் உங்களை விட்டுருவேன்னு நினைக்காதீங்க."

"நினைக்கலைங்க."

பிப்ரவரி 20, செவ்வாய்

விசாரணை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஜெகந்நாதன்.

உள்ளே போவதற்கு முன் வராந்தாவில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "கலாமணி, பெருசு பண்ண வேண்டாம். தப்பு என்னோடதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. எச்சரிக்கையோட முடிச்சிருவோம். அடுத்த வாரமே வேலைக்கு வந்துரலாம். அந்த ஈய எழுத்து, டபுள் ட்யூட்டி, இதெல்லாம் வேண்டாம்."

ஒரு மாசம் முன்னால் என்றால் அவர் மூஞ்சியிலேயே 'தப்பு என்னோடதில்லை' என்று கத்தியிருப்பேன். இன்று வேறு மாதிரி கத்தினேன்.

உள்ளே போய்ச் சொன்னேன். "படத்தைத் திருப்பினது நான். கட்டத்தை மாத்தி அமுக்கினேன். அது என் தப்பு, எழுதிக்கங்க." ஜெகந்நாதன் வேகமாக எழுதினார். "ஆகஸ்ட்ல இருந்து ஈய எழுத்து இல்லை. அது இருந்திருந்தா படம் திரும்பினது டாக்டர் கண்ல பட்டிருக்கும். மூணு தடவை கேட்டு எழுதினேன், மூணு காகிதமும் உங்க ஃபைல்ல இருக்கும். அதையும் எழுதுங்க." பேனா நின்றது. "பதினாறு மணி நேரம் என்னை நிக்க வெச்சீங்க. அந்த டாக்டர் பையனும் முந்தின நாள்ல இருந்து வீட்டுக்குப் போகலை, ஆனாலும் நெஞ்சுல காது வெச்சுப் பாத்திருக்கணும். அதையும் எழுதுங்க."

"சம்பந்தமில்லாததை எல்லாம் பதிவு பண்ண முடியாதும்மா."

"எது சம்பந்தமில்லாதது? ஒரு மனுஷன் நெஞ்சுல தப்பான பக்கம் ஓட்டை போட்டிருக்கோம். நான் பாதி, நீங்க பாதி. என் பாதியை மட்டும் எழுதி என்கிட்டயே கையெழுத்துக் கேக்கறீங்க."

என் குரல் கீழே ஓ.பி. வரை கேட்டதாம், பிறகு நர்ஸ் சொன்னாள். அவர் எழுதிய தாளில் கையெழுத்துப் போடவில்லை. அங்கேயே உட்கார்ந்து வெள்ளைத்தாளில் நானே எழுதினேன். முழுதாக, இரண்டு பக்கம். மேலே என் தப்பு, கீழே அவர்களுடையது. கையெழுத்துப் போட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டு, கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அவர் கேட்டார், "அந்த ஒரு வரியை எழுதிக் குடுத்திருந்தா வேலை மிஞ்சியிருக்குமில்ல?"

"மிஞ்சியிருக்கும்."

அவர் கொஞ்சநேரம் சட்டைக் கையை மடித்து மடித்து விட்டார். "அப்ப மிஞ்சலை," என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதி இன்று எரிச்சலாக இல்லை.

பிப்ரவரி 21, புதன்

இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்துக் காளிபாளையத்துக்குக் கொண்டுபோய் ருக்குமணியின் கையில் கொடுத்தேன். வாசலிலேயே நின்று, எழுத்துக் கூட்டி, முழுதும் படித்தாள். தண்ணீர் கேட்டேன். கொடுத்தாள்.

பிப்ரவரி 28, புதன்

வேலை போய்விட்டது. "கவனக்குறைவு, மேலதிகாரியிடம் ஒழுங்கீனம்." கவனக்குறைவு சரி. ஒழுங்கீனமாம்!

டாக்டர் ஆதவனிடமிருந்து ஒரு செய்தி: "ஸாரி சிஸ்டர்." அவ்வளவுதான். அவருக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்துவிட்டது. என்னிடம் ஸாரி சொல்லி என்ன ஆகும்? வெள்ளிங்கிரியின் முகவரியைப் பதிலாக அனுப்பினேன்.

மார்ச் 5, செவ்வாய்

ஆறரைக்குக் குளம். தண்ணீர் வற்றி நடுவில் மண் தெரிகிறது. தெற்குக் கரைக்குப் போனேன். கோரைப் பக்கம் போகவில்லை.

ஒரு கானாங்கோழி, முகமும் மார்பும் வெள்ளை, மேலே கறுப்பு. வெள்ளைக்கு வெளிச்சத்தைக் குறைத்தால் முதுகு இருட்டிவிடுகிறது, முதுகைப் பார்த்தால் மார்பு வெளுத்துவிடுகிறது. ஒரே பறவையில் இரண்டு தொல்லை. முக்கால் மணி நேரம் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வெள்ளிங்கிரி.

"அம்மிணி, வக்கீலைப் பாத்தமுங்க. நீங்க எழுதுன தாளு இருந்தா கேஸு நிக்குமாம்." மூச்சு வாங்கினார். நான் காத்திருந்தேன். "ஆனா மொதப் பக்கம் உங்களையே மாட்டி உட்ருமாம். கோர்ட்டுல உங்க பேரும் ஏறுமாம். அந்தப் பத்தியை உட்டுட்டு, ஆஸ்பத்திரி மேல மட்டும் போட்டுக்கலாம்னு வக்கீல் சொல்றாரு. நீங்க வந்து சொன்ன மனுசி. அதான், உங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு..."

கானாங்கோழி தண்ணீர் ஓரமாக நடந்து நடந்து என் காலுக்கு எட்டடியில் வந்து நின்றது. கேமரா மடியில் கிடந்தது.

வேறு எங்கேயும் வேலை கிடைக்காது. கோர்ட்டில் பேர் வந்த எக்ஸ்ரேக்காரியை யார் எடுப்பார்கள்? ரங்குவின் ஸ்டுடியோவில் ஆல்பம் ஒட்டலாம். வீட்டுக்காரருடைய ஒரு சம்பளம்தான். இதெல்லாம் ஒரு நொடியில் ஓடியது.

"எடுக்க வேண்டாங்க," என்றேன். "முழுசாவே போடுங்க. கூப்பிட்டா வந்து சொல்றேன்."

அவர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ருக்குமணியின் குரல் கேட்டது, போனுக்கு வெகு தூரத்திலிருந்து, கோபமாக, தெளிவாக.

"எடுக்கக்கூடாதுன்னு நான் அப்பவே சொன்னனே! அந்தம்மாளே சொல்லியாச்சு, கேட்டுக்குங்க!"